நெரவித் தாத்தாவின் நெஞ்சில் நாலு மெடல்!

காரைக்கால் பக்கம் 'சொல்தா' என்று ஒரு வார்த்தை உண்டு. சிப்பாய்க்கு பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர். நம்ம ஊருக்கு வந்து, வேட்டி கட்டி, வெற்றிலை பாக்கு போட்டுத் தமிழாகவே ஆகிவிட்டது. 'சொல்தா வீடு' எங்கே என்று கேட்டால் தபால்காரர் முதல் கல்யாணத் தரகர் வரை எல்லாரும் கை நீட்டி வழி காட்டுவார்கள்.

"அவருக்கென்னப்பா குறைச்சல்... சொல்தா! உட்கார்ந்த இடத்துல பிரெஞ்சு பென்ஷன்!"

டீக்கடை பெஞ்சில் இந்தப் பெருமூச்சைக் கேட்காதவர்கள் அந்த வட்டாரத்தில் ரொம்பக் குறைவு. 'பிரெஞ்சு நேஷனாலிட்டி' மாப்பிள்ளை என்றால் ஜாதகத்தில் செவ்வாய் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெண் வீட்டார் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று ஒரு கிண்டல் வேறு!

சரி, அந்த பென்ஷன் எதற்காக வந்தது? அதைக் கேட்டுப் பாருங்கள். "பட்டாளத்துல இருந்தாரு" என்பார்கள். எந்தப் பட்டாளம்? "பிரெஞ்சுப் பட்டாளம்." எந்தச் சண்டை? அங்கே பேச்சு நின்றுவிடும். தாத்தா ஜூலை 14-ம் தேதி கோட்டு மாட்டிக்கொண்டு, மார்பில் கலர் கலராக ரிப்பன் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்புவார். பேரன்கள் போட்டோ எடுப்பார்கள். அந்த ரிப்பன் எதற்குப் பச்சை, இந்த ரிப்பன் எதற்கு மஞ்சள் என்று ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் பதக்க வரிசை என்பது எழுதப்படாத சுயசரிதை. படிக்கத் தெரிந்தவருக்கு அந்த மனிதர் எந்தக் கப்பலில் ஏறினார், எந்தக் காட்டில் நின்றார், எத்தனை வருஷம் வீட்டைப் பிரிந்திருந்தார் என்று ரிப்பன்களே சொல்லிவிடும்.

வாங்க, படிக்கக் கற்றுக்கொள்வோம்.

ஒரே சாலை, இரண்டு பட்டாளம்

முதலில் ஊர். எழுத்தில் 'நிரவி', பேச்சில் 'நெரவி'. காரைக்காலிலிருந்து அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் வரும். இன்றைக்கு வெளியூர்க்காரர்களிடம் நிரவி என்றால், "ஓ.என்.ஜி.சி. ஆபீஸ் இருக்கே, அதுதானே?" என்பார்கள். 1739-ல் காரைக்காலில் காலூன்றிய பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இது ஒரு கொம்யூன். அதாவது மேயரும் முனிசிபல் கவுன்சிலும் உள்ள ஊர்.

நிரவியிலிருந்து நேரே போனால் திருமலைராயன்பட்டினம். அதற்கப்புறம் வாஞ்சூர். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் 1947 வரை வாஞ்சூருக்கு இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் பிரிட்டன்! அந்தப் பக்கத்துப் பையன் பட்டாளத்தில் சேர்ந்தால் இங்கிலீஷ் துரைக்கு சல்யூட். இந்தப் பக்கத்துப் பையன் சேர்ந்தால் பிரெஞ்சு துரைக்கு. அத்தை மகனும் மாமன் மகனும் இரண்டு வேறு ராஜ்ஜியங்களின் சிப்பாய்களாக இருந்திருக்கலாம். கிடாவெட்டுக்கு மட்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆள் போவது இங்கே புதிய சங்கதி அல்ல. முதல் உலகப் போரில் (1914-18) பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய்த் திரும்பி வராதவர்களுக்காகத்தான் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 1938-ல் திறப்பு விழா. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்த பிறகு, 1940 செப்டம்பரிலேயே இங்கிருந்த கவர்னர் லூயி போன்வேன், ஜெனரல் தெ கோலின் 'சுதந்திர பிரான்ஸ்' பக்கம் சாய்ந்துவிட்டார். ஆகையால் நம்ம ஊர்ச் சொல்தாக்கள் நின்றதும் அந்தப் பக்கம்தான்.

ஒரு தாத்தாவை நடக்கவிட்டுப் பார்ப்போம்

இனி சொல்லப்போவது குறிப்பிட்ட ஒருவரின் கதை அல்ல. 1946-ல், 18 வயதில் நிரவியிலிருந்து ஒரு பையன் பட்டாளத்தில் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். அவனைப் போலப் போனவர்கள் பலர். தேதிகளும் பதக்கங்களும் மட்டும் அசல்.

ஏன் சேர்ந்தான்? பிரான்ஸ் மேல் பாசமா? அதெல்லாம் பிற்பாடு. கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வந்தால் விவசாயம், வராவிட்டால் சைகோன்! அங்கே போலீஸிலும் சுங்க இலாகாவிலும் கடைகளிலும் காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் பல காலமாகவே இருந்தார்கள். சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில், தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இப்போதும் இருக்கிறது. வியட்நாம்காரர்கள்தான் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

ஆக, பையனுக்கு வேண்டியது மாதச் சம்பளம். இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரணச் சிப்பாயோ சார்ஜென்ட்டோ, 15 வருஷம் முழுசாக முடித்தால் பென்ஷன். பதினெட்டில் சேர்ந்தால் முப்பத்து மூன்றில் கையில் பென்ஷன்! கணக்கு இனித்தது. அந்த 15 வருஷத்தில் என்னென்ன வரும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் மெடல்: மூன்று தலை யானை

தாத்தாவின் மார்பில் மஞ்சளும் பச்சையுமாகப் பட்டை போட்ட ரிப்பனில் ஒரு வட்டம் தொங்கும். உற்றுப் பாருங்கள். மூன்று தலையோடு ஒரு யானை, மேலே ஏழு தலை நாகம். "அட, நம்ம ஐராவதம் மாதிரி இருக்கே!" என்று பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டால் தப்பில்லை. அது லாவோஸ் நாட்டின் எராவான். நம்ம ஐராவதம்தான் அங்கே போய்க் குடியேறியிருக்கிறது.

இது இந்தோசீனப் போர் நினைவுப் பதக்கம். 1953 ஆகஸ்டில் ஏற்படுத்தினார்கள். வீரச் செயல் எதுவும் தேவையில்லை. அந்தப் போரில் பணியாற்றியிருந்தால் உண்டு. 'இருந்தேன்' என்பதற்கான சாட்சி அது. இருந்ததே பெரிய காரியம்தான்! மழைக்காடு, மலேரியா, எங்கிருந்து குண்டு வரும் என்று தெரியாத வயல்வரப்பு. நிரவியில் பார்த்த அதே நெல்வயல்தான். ஆனால் நாற்றுக்குப் பக்கத்தில் கண்ணிவெடி.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எதிரே நின்ற வியட்நாம்காரர்கள் கேட்டது சுதந்திரம். நம்ம பையன் நின்றது வெள்ளைக்காரன் பக்கம். எந்தச் சண்டை நியாயமானது என்று மெடல் ஒருநாளும் சொல்லாது. போனவர் இருந்தார், பட்டார், திரும்பினார். அதை மட்டும்தான் சொல்லும். மீதியை நாம்தான் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது மெடல்: குட்டி நட்சத்திரம்

வெளிர்நீல ரிப்பன், இரண்டு ஓரத்திலும் சிவப்பு. கீழே சிலுவை, சிலுவைக்குப் பின்னால் குறுக்கே இரண்டு வாள். இதுதான் 'க்ருவா த கேர்', போர்ச் சிலுவை. 1915-ல் முதல் உலகப் போருக்காக ஏற்படுத்தியதற்கு ரிப்பன் பச்சை, சிவப்பு. கடல் கடந்த சண்டைகளுக்கென்று 1921-ல் தனியாக ஒன்று செய்தார்கள். நீலம், சிவப்பு என்றால் அது.

இது சும்மா கிடைக்காது. மேலதிகாரி பெயரைக் குறிப்பிட்டு, 'இன்ன தேதியில் இன்ன இடத்தில் இப்படிச் செய்தார்' என்று எழுத்தில் பாராட்ட வேண்டும். அந்தப் பாராட்டு எந்த மட்டத்திலிருந்து வந்தது என்பதை ரிப்பனில் குத்தியிருக்கும் குட்டிச் சின்னம் காட்டிக்கொடுத்துவிடும். வெண்கல நட்சத்திரமென்றால் ரெஜிமென்ட் அல்லது பிரிகேட் மட்டம். வெள்ளி நட்சத்திரம் டிவிஷன். பொன் முலாம் பூசிய நட்சத்திரம் அதற்கும் மேலே, ஆர்மி கோர். பனை ஓலை மாதிரி ஒன்று இருந்தால் எழுந்து நின்று கும்பிடுங்கள். அது முழு சேனையின் உத்தரவில் வந்த பாராட்டு!

1954 மே 7-ம் தேதி தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு சேனைக்காரர்கள் கைதியானார்கள். ஜூலையில் ஜெனிவாவில் சமாதானம். இந்தோசீனா முடிந்தது. "அப்பாடா, ஊருக்குப் போகலாம்!"

ஆனால் எந்த ஊருக்கு?

நவம்பர் 1, 1954

அந்த வருஷம் அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 ஓட்டு, எதிர்த்து 8. நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கிலும் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. மூவர்ணக் கொடி மாறி, வேறு மூவர்ணக் கொடி ஏறியது. நிரவியில் இனிப்பு கொடுத்திருப்பார்கள்.

அதே நவம்பர் 1-ம் தேதிதான், எங்கோ சுமார் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அல்ஜீரியாவில், பிரான்ஸை எதிர்த்து முதல் துப்பாக்கி வெடித்தது!

யோசித்துப் பாருங்கள். சொந்த ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்குகிறது. அதே நாளில் தொடங்கிய போருக்கு, அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், அந்த ஊர்ப் பையன் கப்பலேற வேண்டும். 15 வருஷக் கணக்கில் இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் பென்ஷன் போச்சு. வராவிட்டால்... அம்மா தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது மெடல்: பெயரில்லாத யுத்தம்

அல்ஜீரியாவில் நடந்ததை பிரெஞ்சு அரசாங்கம் 'போர்' என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. 'ஒழுங்கு காக்கும் நடவடிக்கை' என்றது. போலீஸ் லத்தி சார்ஜ் மாதிரி! லட்சக்கணக்கான சிப்பாய்களை அனுப்பினார்கள். எட்டு வருஷம் நடந்தது. ஆனால் போர் கிடையாதாம்.

இதனால் மெடலில் ஒரு சிக்கல் வந்தது. போரே இல்லை என்றால் 'போர்ச் சிலுவை' எப்படிக் கொடுப்பது? ஆகவே 1956-ல் 'இராணுவ வீரச் சிலுவை' என்று புதுசாக ஒன்று செய்தார்கள். சாதாரண நினைவுப் பதக்கத்தின் முழுப்பெயரோ இன்னும் வேடிக்கை. 'வட ஆப்பிரிக்காவில் பாதுகாப்பு மற்றும் ஒழுங்கு காக்கும் நடவடிக்கைகளுக்கான நினைவுப் பதக்கம்'. மூச்சு வாங்குகிறதா? 1958-ல் வந்தது. 'போர்' என்ற ஒரே ஒரு வார்த்தையைத் தவிர்க்க இத்தனை வார்த்தை! கடைசியில் 1999 அக்டோபரில்தான், "ஆமாம், அது போர்தான்" என்று பிரான்ஸ் சட்டமே போட்டது. அதற்குள் தாத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது.

நாலாவது மெடல்: சர்ச்சிலுக்கும் இதேதான்!

மஞ்சள் ரிப்பன், ஓரத்தில் பச்சை. வெள்ளி வட்டம், நடுவே நீல எனாமல் சூழப் பொன் நிறத்தில் ஒரு பெண் முகம். பின்னால் பிரெஞ்சில் இரண்டு வார்த்தைகள்: 'வீரமும் ஒழுக்கமும்'. இதுதான் 'மெதாய் மிலிதேர்', இராணுவப் பதக்கம். மார்பில் பொத்தான் பக்கமாக முதலில் தொங்குவது இதுதான். தாத்தாவின் வாழ்க்கையில் கடைசியாக வந்ததும் இதுதான்.

1852-ல் ஏற்படுத்திய இந்தப் பதக்கத்தில் ஒரு விசேஷம். இது சிப்பாய்க்கும் சார்ஜென்ட்டுக்கும் உள்ளது. காப்டன், மேஜர், கர்னல் யாருக்கும் கிடையாது! நீண்ட நாள் நல்ல பெயரோடு சேவை செய்திருக்க வேண்டும். அல்லது போரில் காயமோ வீரச் செயலோ இருக்க வேண்டும். இவர்களைத் தவிர, பெரும்படையை நடத்திய தளபதிகளுக்கு மட்டும் உயர்ந்த மரியாதையாக இதைக் கொடுப்பார்கள். மார்ஷல் ஜோஃப்ர் வாங்கியிருக்கிறார். 1947-ல் வின்ஸ்டன் சர்ச்சிலுக்குக் கொடுத்தார்கள். ஆக, நிரவிச் சொல்தாவின் நெஞ்சிலும் சர்ச்சிலின் நெஞ்சிலும் ஒரே மெடல்!

இதற்குப் பணமும் உண்டு. தொடங்கிய காலத்தில் வருஷத்துக்கு 100 பிராங்க் என்பது நல்ல தொகை. பிற்காலத்தில் அது வருஷத்துக்கு 30 பிராங்க் என்று நின்று, யூரோ வந்ததும் 4 யூரோ 57 சென்ட் ஆகிவிட்டது. மாதத்துக்கு அல்ல சார், வருஷத்துக்கு! நம்ம கணக்கில் சில நூறு ரூபாய். குடும்பத்தோடு ஒருவேளை டிபன் சாப்பிட்டால் தீர்ந்தது வீரமும் ஒழுக்கமும்!

பென்ஷன் வேறு, இது வேறு. அந்த பென்ஷனுக்காகத்தான், வெளிநாட்டில் வாழும் சொல்தா 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தியன் பியன் பூவில் பிழைத்தவர், அல்ஜீரியாவில் பிழைத்தவர், பேப்பரிலும் பிழைத்திருக்க வேண்டுமே!

ஆறு மாதக் கெடு

1962 மார்ச்சில் அல்ஜீரியாவில் போர் நிறுத்தம். ஜூலையில் அந்த நாடு விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16-ம் தேதி, புதுச்சேரி, காரைக்காலை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது. 1956-ல் கையெழுத்தான காகிதம் அது. ஆறு வருஷம் தூங்கி எழுந்தது.

அதில்தான் பெரிய கேள்வி. இந்த ஊரில் பிறந்து இங்கேயே குடியிருப்பவர்கள் இந்தியப் பிரஜைகள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். ஒரே வீட்டில் அண்ணன் கையெழுத்துப் போட்டான், தம்பி போடவில்லை. இன்றைக்கு அண்ணன் பேரன் பாரீஸில். தம்பி பேரன் காரைக்காலில். நல்லது கெட்டதுக்கு வாட்ஸப்பில் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். டீக்கடை பெருமூச்சின் ஆரம்பம் அந்த ஆறு மாதம்தான். ஆனால் அதற்கு முந்தைய 15 வருஷத்தைப் பெருமூச்சு விடுபவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாஞ்சூருக்கு அந்தப் பக்கம்

நாகூர்ப் பக்கத்துத் தாத்தாவின் மெடல்களையும் பார்த்துவிடுவோம். அங்கே வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தாரா, ஒரு நட்சத்திரம். ஆப்பிரிக்காவில் இருந்தாரா, இன்னொரு நட்சத்திரம். வீரத்துக்கு என்றால் தனி வரிசை. மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ம் தேதி இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவர் மறைந்த பிறகு ஜார்ஜ் க்ராஸ் வந்தது. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர்.

நீண்ட நாள் ஒழுங்காக வேலை பார்த்தவர்களுக்கு 'லாங் சர்வீஸ், குட் கான்டக்ட்' மெடல் உண்டு. "இத்தனை வருஷம் செய்த தப்பில் ஒன்றுகூட அகப்படாததற்குக் கொடுக்கிற மெடல்" என்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதைக் கேலி செய்வார்கள்!

முக்கியமான வித்தியாசம் விளிம்பில் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்திய சேனையின் போர் மெடலைக் கையில் எடுத்து விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். நம்பர், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரச் சிப்பாயின் மெடலில்கூடப் பெயர் பொறிக்கவில்லை. இந்தியச் சிப்பாய்க்குப் பொறித்தார்கள்.

பிரெஞ்சு மெடலில் பொதுவாகப் பெயர் இருக்காது. அது ஊமை. பெயர் இருப்பது கூட வந்த காகிதத்தில்தான்.

ட்ரங்குப் பெட்டியைத் திறங்கள்

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று. 1946-ல் பதினெட்டு வயதில் போன தாத்தா இன்று இருந்தால் நூறை நெருங்கியிருப்பார். பல வீடுகளில் தாத்தா இல்லை. பெட்டி மட்டும் இருக்கிறது. "வெள்ளிதானே, போட்டுட்டு வேற வாங்கலாம்" என்று மெடல் ஆசாரி கைக்குப் போகும். "பழைய பேப்பர், கரையான் அரிச்சுடுச்சு" என்று காகிதம் அடுப்புக்குப் போகும். வெள்ளியின் விலை கொஞ்சம்தான். காகிதம் போய்விட்டால் தாத்தாவே போய்விட்டார்.

என்ன செய்யலாம்? மெடலை ப்ராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், எனாமல் உதிரும். ரிப்பனைத் துவைக்காதீர்கள், கலர்தான் அடையாளம். சேவைப் புத்தகம், பதக்க டிப்ளமா, பாராட்டுக் கடிதம், பிறப்புச் சான்று எல்லாவற்றையும் மெடலோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். போனில் போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவையுங்கள்.

காகிதமே இல்லையென்றாலும் வழி உண்டு. பிரெஞ்சுச் சிப்பாய்களின் சேவைக் கோப்புகள் பிரான்ஸில் போ நகரத்து இராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போரில் இறந்தவர்கள் பட்டியலை அந்நாட்டு இராணுவ அமைச்சகத்தின் 'மெமுவார் தெ ஸோம்' இணையதளத்தில் தேடலாம். தேடும்போது ஒரு எச்சரிக்கை: நம்ம பெயர்களை பிரெஞ்சுக்காரன் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் சுப்பிரமணியனைத் தேடினால் ஆயுசுக்கும் அகப்பட மாட்டார்! நாகூர்ப் பக்கத் தாத்தாவாக இருந்தால் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்கள். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், சாப்பர்ஸுக்கு பெங்களூரு.

தாத்தா இன்னும் இருக்கிறார் என்றால், நீங்கள் பாக்கியசாலி. பக்கத்தில் போய் உட்கார்ந்து, மஞ்சள் ரிப்பனைத் தொட்டுக் காட்டி, "தாத்தா, இது எந்த ஊர்ல குடுத்தாங்க?" என்று கேளுங்கள். பென்ஷன் எவ்வளவு என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.